இரும்புக்கும் களைப்பு உண்டு, விமானிக்கும் உண்டு
(கடல் எண்ணெய் வயல் ஹெலிகாப்டர்களும் டூட்டி சார்ட்டும் பற்றி ஒரு பாடம்)

– இயந்திரவியல் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு மாணவர்



ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் 'ஃபட்டீக்' என்று ஒரு தலைப்பு வருவது நாம் அனைவரும் அறிந்ததே. பெரும்பாலும் இரண்டு மார்க் கேள்வி. "திரும்பத் திரும்ப மாறும் சுமையால், உடையும் சுமையைவிடக் குறைந்த சுமையிலேயே ஒரு பொருள் உடைவது" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். விமானத் துறையில் இதே சொல்லுக்கு இரண்டு வேலை. கியருக்கும் ஃபட்டீக் என்கிறார்கள், அந்த மெஷினை ஓட்டுகிற ஆளுக்கும் ஃபட்டீக் என்கிறார்கள். தமிழில் இரண்டையுமே 'களைப்பு' என்று சொல்லலாம். கியரின் களைப்புக்குக் கருவி இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ஆளின் களைப்புக்கு என்ன இருக்கிறது? டூட்டி சார்ட் என்கிற ஒரு தாள் இருக்கிறது. அந்தத் தாளைப் பற்றியதே இக்கட்டுரை.

1. கடலுக்கு நடுவே ஒரு பஸ் சர்வீஸ்

மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தூரத்தில் கடலுக்கு அடியில் எண்ணெய் இருப்பது 1974-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் பாம்பே ஹை. அங்கே கடலில் இரும்புக் கால்கள் ஊன்றி நிற்கும் மேடைகளில் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள். வழக்கமாக 14 நாள் மேடையில், 14 நாள் வீட்டில். இவர்களைக் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் ஜுஹு விமானத் தளத்திலிருந்து புறப்படும் ஹெலிகாப்டர்கள்தான். ஓ.என்.ஜி.சி.யின் இந்தத் தேவையை முக்கியமாக வைத்தே 1985-ல் பவன் ஹன்ஸ் என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இதே வேலை இங்கிலாந்துக்கும் நார்வேக்கும் நடுவே உள்ள வட கடலிலும், அமெரிக்காவின் தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலும் நடக்கிறது.

நம் ஊர் மினி பஸ் மாதிரிதான் இந்த சர்வீஸ். ஒரு மேடையில் இரண்டு பேரை இறக்கி, மூன்று பேரை ஏற்றி, அடுத்த மேடைக்குப் போக வேண்டும். ஆனால் பஸ்ஸுக்கு ரோட்டோரம் இடம் இருக்கிறது. இங்கே இறங்கும் தளத்தின் அகலம் பல மேடைகளில் 20 மீட்டரை ஒட்டியே இருக்கும். பக்கத்தில் கிரேன் நிற்கும், டெரிக் கோபுரம் நிற்கும், எரிவாயு எரியும் புகைபோக்கி இருக்கும். கப்பலின் மேல் இறங்குவதென்றால் தளமே ஆடும். இரவில் சுற்றிலும் ஒரு வெளிச்சமும் இராது. வானம் எது, கடல் எது என்று பிரிக்கும் கோடே மறைந்துபோகும். அப்போது விமானி நம்ப வேண்டியது கண்ணை அல்ல, எதிரே உள்ள முட்களை.

பெரிய ஜெட் விமான பைலட் ஒரு நாளில் ஒன்றிரண்டு தடவை ஏறி இறங்குவார். மேடை மேடையாகச் சுற்றும் ஹெலிகாப்டர் பைலட் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு தடவைகூட ஏறி இறங்க நேரிடும். ஆபத்து அதிகம் இருப்பது அந்த ஏற்றத்திலும் இறக்கத்திலும்தான்.

2. முதல் களைப்பு: இரும்பின் களைப்பு

1986 நவம்பர் 6-ஆம் தேதி, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவில் உள்ள சம்பர்க் விமானத் தளத்தை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு சினூக் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. அதில் இருந்தவர்கள் 47 பேர். பிழைத்தவர்கள் 2 பேர். சினூக்கில் முன்னும் பின்னும் இரண்டு பெரிய விசிறிகள். இரண்டின் இறக்கைகளும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றும். அவை மோதாமல் இருப்பதற்குக் காரணம், கியர்களால் இரண்டும் ஒரே தாளத்தில் பிணைக்கப்பட்டிருப்பது. முன் கியர்பாக்ஸில் ஒரு பெவல் கியர் வளையம் உடைந்தது. தாளம் தப்பியது. இறக்கைகள் மோதிக்கொண்டன.

2009 ஏப்ரல் 1-ல் ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால் ஒரு சூப்பர் பூமா விழுந்து 16 பேர் இறந்தனர். காரணம் மெயின் கியர்பாக்ஸ். 2016 ஏப்ரல் 29-ல் நார்வேயில் டூரோய் என்ற தீவின் அருகே இன்னொரு சூப்பர் பூமா வகை ஹெலிகாப்டரின் மேல் விசிறி பறக்கும்போதே கழன்று தனியாகப் போனது. 13 பேர் இறந்தனர். எபிசைக்ளிக் கியர் அமைப்பில் ஒரு பிளானட் கியரின் உட்புற பேரிங் பாதையில் தொடங்கிய சிறு குழி, உள்ளுக்குள்ளேயே விரிசலாக வளர்ந்து, கியரையே இரண்டாகப் பிளந்துவிட்டது. எண்ணெயில் உலோகத் துகள் வருகிறதா என்று பார்க்கும் காந்தமும், அதிர்வை அளக்கும் கருவியும் அதில் இருந்தன. இருந்தும் எச்சரிக்கை வரவில்லை.

நாம் தியரி ஆஃப் மெஷின்ஸில் டேபிள் போட்டு கணக்குப் போடுகிறோமே, அதே எபிசைக்ளிக் கியர்தான். இந்தச் செய்தியைப் படித்த பிறகு அந்தக் கணக்கு எனக்கு வெறும் கணக்காகத் தெரியவில்லை.

இத்தகைய விபத்துகளுக்குப் பின் கியர்பாக்ஸ் விஷயத்தில் உலகமே விழித்துக்கொண்டது. எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்று வரம்பு உண்டு. மணி முடிந்தால், பாகம் பார்க்கப் புதிது மாதிரி இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். "இன்னும் பத்து மணி நேரம் தாங்கும் சார்" என்ற பேச்சே கிடையாது.

3. இரண்டாவது களைப்பு: ஆளின் களைப்பு

களைப்பு வேறு, தூக்கம் வருவது வேறு, சோம்பல் வேறு. விமானத் துறையில் களைப்பு என்றால், தூக்கக் குறைவாலும், நெடுநேரம் விழித்திருப்பதாலும், உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்துக்கு மாறாக வேலை செய்வதாலும், வேலைச் சுமையாலும், ஒருவரின் மூளையும் உடலும் செயல்படும் திறன் குறைந்துபோவது. இதில் நான்கு சங்கதிகள் முக்கியம்.

(அ) கடைசியாகத் தூங்கி எழுந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? 1997-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை-கண் வேகம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துபோனது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதம் அளவுக்குப் போகும். நம் நாட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கான வரம்பு 0.03 சதவீதம். ஆக, 17 மணி நேரம் விழித்திருந்தவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமலேயே அந்த வரம்பைத் தாண்டிய நிலையில் இருக்கிறார். ஊதச் சொல்லிப் பிடிக்கத்தான் கருவி கிடையாது.

(ஆ) நேற்றும் அதற்கு முந்திய நாட்களும் எவ்வளவு தூங்கினார்? தூக்கம் என்பது கடன் கணக்கு. 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தினமும் 6 மணி நேரம் மட்டும் 14 நாள் தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குக் குறைந்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அவர்களைக் கேட்டபோது "கொஞ்சம் அசதிதான், மற்றபடி நல்லாத்தான் இருக்கேன்" என்கிற மாதிரியே சொன்னார்கள். திறமை இறங்கிக்கொண்டே போனது அவர்களுக்கே தெரியவில்லை.

(இ) மணி என்ன? விடியற்காலை 2 மணி முதல் 6 மணி வரை உடம்பின் வெப்பம் குறைந்து, மனிதன் மிக மந்தமாக இருக்கும் நேரம். ஒரு வருடம் நைட் டூட்டி பார்த்தாலும் இந்தக் கடிகாரம் முழுசாக மாறுவதில்லை. பகல் வெளிச்சம் அதைத் திரும்பத் திரும்பப் பழைய இடத்துக்கே இழுத்துவிடும்.

(ஈ) வேலை எப்படிப்பட்டது? ஹெலிகாப்டரில் அதிர்வும் இரைச்சலும் ஓயாது. மேடையில் இறங்கினாலும் விசிறியை நிறுத்தாமலே ஆளை ஏற்றி இறக்குவார்கள், ஆகவே சீட்டை விட்டு எழ முடியாது. வட கடலில் குளிர்நீரைத் தாங்கும் ரப்பர் உடுப்புக்குள் வேர்க்கும். மும்பைப் பக்கம் கண்ணாடி வழியே வெயில் அடிக்கும்.

4. தாளில் சரி, உடம்பில் தப்பு

இப்போது டூட்டி சார்ட்டுக்கு வருவோம். ரோஸ்டர் என்பதும் இதுதான். எல்லா நாட்டிலும் இதற்கு விதி உண்டு. இங்கிலாந்தில் 1973-ல் டக்ளஸ் பேடர் தலைமையில் ஒரு குழு விமானிகளின் களைப்பை ஆராய்ந்தது. பேடர் இரண்டு கால்களையும் இழந்த பின்னும் இரண்டாம் உலகப் போரில் போர் விமானம் ஓட்டியவர். அந்தக் குழுவின் அறிக்கையை ஒட்டி, விமானிகளின் களைப்பைத் தவிர்ப்பதற்கென்றே 1975-ல் சி.ஏ.பி. 371 என்ற விதித் தொகுப்பு வந்தது. அமெரிக்காவில் கட்டண ஹெலிகாப்டர்களுக்குப் பொருந்தும் விதி, இரண்டு விமானிகள் இருந்தால் 24 மணி நேரத்தில் 10 மணி நேரம் வரை பறக்கலாம், 10 மணி நேரத் தொடர் ஓய்வு வேண்டும் என்கிறது.

பறக்கும் நேரம் வேறு, டூட்டி நேரம் வேறு என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். விசிறி சுற்றுவது பறக்கும் நேரம். தளத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டதிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் வரை டூட்டி நேரம். மூடுபனியில் நான்கு மணி நேரம் காத்திருந்தால் அது பறக்கும் நேரத்தில் வராது. ஆனால் உடம்பு காத்திருப்பதையும் எண்ணிக்கொள்ளும்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 'எக்ஸ்' என்ற விமானி காலை 5 மணிக்கு எழுகிறார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறார், ரேஷன் கடைக்குப் போகிறார். பகல் 1 மணிக்கு டூட்டிக்கு வருகிறார். பிற்பகல் 3 முதல் 5.30 வரை ஒரு பயணம், இரவு 8 முதல் 10 வரை ஒரு பயணம். 11 மணிக்கு டூட்டி முடிகிறது.

- பறந்த நேரம்: 4½ மணி. வரம்பு 10 மணி. விதிப்படி சரி.
- டூட்டி நேரம்: 10 மணி. அதுவும் அளவோடுதான்.
- இரவு 10 மணிக்கு, இருட்டில் கடைசியாக இறங்கும்போது அவர் விழித்திருந்த நேரம்: 17 மணி!

தாளில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மேலே (அ)-வில் சொன்ன நிலையில் அவர் இருக்கிறார்.

கணக்கைத் தொடருவோம். மறுநாள் காலை 9 மணிக்கு டூட்டி. இரவு 11 முதல் காலை 9 வரை 10 மணி நேர ஓய்வு. விதிப்படி சரி. ஆனால் வீடு போய்ச் சேர முக்கால் மணி. சாப்பிட்டு, குளித்து, மனசு அடங்கிக் கண் அயரும்போது ஒரு மணி. காலை 7 மணிக்கு எழுந்தால்தான் 9 மணிக்கு வர முடியும். 10 மணி நேர ஓய்வில் தூக்கம் 6 மணி. இப்படியே 14 நாள் ஓடினால் (ஆ)-வில் சொன்ன ஆய்வு அப்படியே இவர் மேல் பொருந்தும். அவரைக் கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கே தெரியாது.

மெக்சிகோ வளைகுடாவில் 7 நாள் வேலை 7 நாள் லீவு, அல்லது 14-க்கு 14 என்ற முறை அதிகம். இதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. வீட்டுக்கு அலைய வேண்டாம், தொடர்ந்து ஒரே ஷிஃப்ட் என்றால் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். ஆனால் கடைசி நாட்களில் தூக்கக் கடன் ஏறியிருக்கும். நடுவில் பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாற்றினால், முதல் இரவு மிக மோசமான இரவு. அன்று காலையிலேயே எழுந்தவர் மறுநாள் விடியற்காலை வரை விழித்திருக்க நேரிடும்.

5. இருநூறு மீட்டர் பயணம்

1992 மார்ச் 14, இரவு நேரம். ஷெட்லாந்துக்கு வடகிழக்கே கார்மொரன்ட் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை. வேலை முடிந்த ஆட்களைப் பக்கத்தில் நின்ற தங்கும் கப்பலுக்குக் கொண்டுபோக ஒரு சூப்பர் பூமா வந்தது. தூரம் சுமார் 200 மீட்டர். நம் கேட்டிலிருந்து வொர்க்ஷாப் வரை இருக்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். புயல் காற்று, பனி, இருட்டு. 15 பயணிகளும் 2 விமானிகளும் ஏறினார்கள். கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் ஹெலிகாப்டர் கடலில் விழுந்தது. 11 பேர் இறந்தனர்.

எஞ்சின் பழுதில்லை. கியர் உடையவில்லை. பின் ஏன் விழுந்தது? இதைப் புரிந்துகொள்ள ரிலேட்டிவ் வெலாசிட்டி தெரிந்தால் போதும். எதிர்க்காற்று 50 நாட் வேகத்தில் அடிக்கும்போது மேடைக்கு மேல் அசையாமல் நிற்கும் ஹெலிகாப்டருக்கு, தரையைப் பொறுத்து வேகம் பூஜ்யம், காற்றைப் பொறுத்து வேகம் 50. திரும்பிக் காற்றோடு சேர்ந்து போகும்போது, தரையைப் பொறுத்து 50 நாட் வேகம் எடுத்தாலும், காற்றைப் பொறுத்து வேகம் பூஜ்யம்! இறக்கைக்குத் தெரிந்தது காற்றின் வேகம் மட்டும்தான். அது குறைந்தால் உயரத்தில் நிற்கவே நிறைய சக்தி வேண்டும், கிடைக்காவிட்டால் கீழே இறங்கும். இது எந்த விமானிக்கும் தெரிந்த பாடம். அன்று வேகமானியின் முள் இறங்கியதை ஓட்டியவர் கவனிக்கவில்லை.

அனுபவமுள்ள விமானி ஏன் கவனிக்கவில்லை? விசாரணை அறிக்கை அவரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கவில்லை. ஹெலிகாப்டரில் இருந்த சிறு பழுதுகளோடு மல்லாடியதால் வந்த எரிச்சலும், களைப்பும் விமானிகளின் திறனைக் குறைத்திருக்கக் கூடும் என்பதையும் காரணங்களோடு சேர்த்துச் சொன்னது. 'கூடும்' என்றுதான் சொல்ல முடிந்தது. உடைந்த கியரைக் கடலிலிருந்து எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், விரிசல் எங்கே தொடங்கியது என்று காட்டிவிடலாம். களைத்த மூளை தடயம் எதையும் விட்டுவைப்பதில்லை.

நம் நாட்டிலும் இந்தத் தொழிலில் உயிர்கள் போயிருக்கின்றன. மும்பைக் கடலில் 2003 ஆகஸ்ட் 11-ல் எம்.ஐ. 172 ஹெலிகாப்டர் விழுந்து 27 பேர், 2018 ஜனவரி 13-ல் டாஃபின் விழுந்து 7 பேர், 2022 ஜூன் 28-ல் சிகோர்ஸ்கி விழுந்து 4 பேர். இவற்றுக்குக் காரணம் களைப்பு என்று நான் சொல்ல வரவில்லை. இந்த வேலையில் தப்புக்கு இடம் எவ்வளவு குறைவு என்பதற்காகச் சொல்கிறேன்.

6. இரும்புக்கும் ஆளுக்கும் உள்ள வித்தியாசம்

எஸ்-என் கர்வ் ஞாபகம் இருக்கிறதா? ஸ்டீலுக்கு ஒரு எண்டியூரன்ஸ் லிமிட் உண்டு. அதற்குக் கீழே சுமை இருந்தால் கோடிக்கணக்கான சுற்று ஓடினாலும் உடையாது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சுமை சிறியதானாலும் சுற்றுகள் ஏற ஏற ஒரு நாள் உடையும். மனிதன் இந்த விஷயத்தில் அலுமினிய ஜாதி. "இவன் ஸ்டீல் பாடி, தாங்குவான்" என்று மேஸ்திரிகள் சொல்வது பாராட்டாக இருக்கலாம், எஞ்சினியரிங் ஆகாது.

ஆனால் ஒரு பெரிய நல்ல வித்தியாசம் உண்டு. விரிசல் விட்ட கியரை ஒரு மாதம் அலமாரியில் வைத்தாலும் விரிசல் ஆறாது. மனிதனுக்கு நல்ல தூக்கம் கொடுத்தால் ஆறிவிடும். இரண்டு மூன்று முழு இரவு தூங்கினால் பெரும்பகுதி சரியாகிவிடும். இவ்வளவு மலிவான ரிப்பேர் வேறு எந்த மெஷினுக்கும் கிடையாது. டீயும் காபியும் ரிப்பேர் ஆகாது. அலாரம் மணியின் வாயில் துணி வைத்து அடைப்பது மாதிரிதான் அது.

குட்டித் தூக்கம் உதவும். அமெரிக்காவின் நாசா நீண்டதூர விமானிகளிடம் நடத்திய சோதனையில், 40 நிமிட வாய்ப்புக் கொடுத்தபோது சராசரி 26 நிமிடம் தூங்கினார்கள். செயல்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் கூடின. ஆனால் ஆழ்ந்து தூங்கி எழுந்த உடனே வேலையில் இறங்கக் கூடாது. 2010 மே 22-ல் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டி விழுந்து 158 பேர் இறந்தார்களே, அதில் கேப்டன் வழியில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தூங்கியது காக்பிட் குரல் பதிவில் தெரிந்தது. எழுந்த பின் இருக்கும் மந்த நிலை அவர் முடிவைப் பாதித்திருக்கலாம் என்று விசாரணை மன்றம் சொன்னது. உதவி விமானி "மேலே போய்விடலாம்" என்று மூன்று தடவை சொல்லியும் கேப்டன் உடனே கேட்கவில்லை.

7. என்ன செய்யலாம்?

1. மணிக் கணக்கோடு தூக்கக் கணக்கும் பார்க்க வேண்டும். ரோஸ்டர் போடுகிறவர் "இந்த நேரத்தில் இவர் எழுந்து எத்தனை மணி நேரம் ஆகியிருக்கும்?" என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டும். 2011 முதல் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., களைப்பை அளந்து நிர்வகிக்கும் முறைக்குத் தர விதிகளைக் கொடுத்திருக்கிறது.

2. ஷிஃப்ட் மாற்றுவதென்றால் காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்ற வேண்டும். இரவிலிருந்து திடீரென்று காலைக்கு இழுக்கக் கூடாது.

3. ஆள் கணக்கு சரியாக இருக்க வேண்டும். விதி எவ்வளவு நல்லதானாலும் ஆள் இல்லாவிட்டால் ஓடாது. இந்தியாவில் பெரிய விமானங்களின் பைலட்டுகளுக்கு வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தி, இரவு இறக்கங்களைக் குறைத்து 2024-ல் புதிய விதி கொண்டுவந்தார்கள். அது 2025-ல் படிப்படியாக அமலானது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானப் பயணங்கள் ரத்தானது நமக்கு நினைவிருக்கும். புதிய விதிக்கு ஏற்ற அளவு பைலட்டுகளை முன்கூட்டியே ஏற்பாடு செய்யாதது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 'விதியால் வந்த வினை' என்று சிலர் பேசினார்கள். என்னைக் கேட்டால், அதுவரை எத்தனை ஆள் வேலையை எத்தனை பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்த விதி வெளிச்சம் போட்டுக் காட்டியது என்பேன்.

4. "எனக்கு முடியவில்லை" என்று சொல்கிறவரின் சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பறந்த மணிக்குத்தான் காசு என்றால் யார் வாய் திறப்பார்கள்? சொன்னவனைச் சோம்பேறி என்று முத்திரை குத்தும் இடத்தில் அடுத்தவன் சொல்ல மாட்டான். விரிசல் உள்ளுக்குள்ளேயே வளரும்.

இந்த நான்காவது விஷயம் எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்ததல்ல. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தது நான்தான் முதல். அப்பா ஒரு நூற்பாலையில் மூன்று ஷிஃப்டும் பார்க்கிறவர். அடுத்த ஷிஃப்டுக்கு ஆள் வராவிட்டால் அவரே நின்றுவிடுவார். அந்த ஓ.டி. காசில்தான் எனக்கு டிராஃப்டரும் கால்குலேட்டரும் வாங்கினோம். "கண்ணு எரியுதுன்னு சொன்னா நாளைக்கு ஓ.டி. வேற ஆளுக்குப் போயிடும்டா" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான், களைப்பை ஒப்புக்கொள்வதைத் தனி மனிதனின் தைரியத்துக்கு விட்டுவிடக் கூடாது, சார்ட்டிலேயே அதற்கு இடம் இருக்க வேண்டும் என்கிறேன்.

8. இது நம் பாடம் இல்லையா?

"நாம என்ன பைலட்டா ஆகப்போறோம்?" என்று நண்பர்கள் கேட்கலாம். இதோ ஒரு சம்பவம். 1990 ஜூன் 10-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தின் முன் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டு, சக ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டதால் உயிர் தப்பினார். அதற்கு முந்திய நாள்தான் அந்தக் கண்ணாடியைப் புதிதாக மாட்டியிருந்தார்கள். 90 போல்ட்டுகளில் 84 போல்ட்டுகள் விட்டம் குறைந்தவை. மாட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவமுள்ள ஷிஃப்ட் மேனேஜர். பழைய போல்ட்டோடு வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். வேலை நடந்த நேரம் விடியற்காலை. லீவு முடிந்து பல நாட்களுக்குப் பின் அவர் வந்த முதல் நைட் ஷிஃப்ட் அது.

போல்ட் முடுக்கப்போவது நாம்தான். பாய்லர் முன்னாலும், சப்-ஸ்டேஷனிலும், பஸ் டிப்போவிலும், விமானக் கொட்டகையிலும் நைட் ஷிஃப்ட் பார்க்கப்போவது நம் பேட்ச்தான். ஆகவே சில பழக்கங்களை இப்போதே பழகிக்கொள்ளலாம்.

- நைட் ஷிஃப்டுக்குப் போகும் நாள் மதியம் இரண்டு மணி நேரமாவது படுத்துத் தூங்குங்கள். தூக்கம் வராவிட்டாலும் இருட்டறையில் கண்ணை மூடிப் படுங்கள்.
- விடியற்காலை 2 முதல் 6 மணி வரை, நாளைக்குத் தள்ளிப்போடக் கூடிய நுணுக்கமான வேலையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். முடியாவிட்டால் இன்னொருவர் கண்ணால் ஒரு தடவை சரிபார்க்க வையுங்கள்.
- போல்ட்டைக் கண்ணால் அளக்காதீர்கள். வெர்னியர் எதற்கு இருக்கிறது?
- ஷிஃப்ட் முடிந்து பைக்கில் போகும்போது கண் சொக்கினால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். வீடு எங்கும் ஓடிப்போகாது.
- பரீட்சைக்கு முந்திய இரவு முழுக்க விழிப்பதும் இதே கணக்கில்தான் வரும்.

நம்மில் பலர் சில வருடங்களில் சூப்பர்வைசர் ஆவோம். அப்போது ஷிஃப்ட் சார்ட் போடும் பேனா நம் கைக்கு வரும். டிராயிங்கில் ஒரு ஷாஃப்டுக்கு டாலரன்ஸ் போடாமல் யாரும் வொர்க்ஷாப்புக்கு அனுப்புவதில்லை. சார்ட்டில் ஒரு ஆளின் பெயரை எழுதும்போதும் அப்படித்தான். அவர் எப்போது எழுந்தார், நேற்று எவ்வளவு தூங்கினார், வீடு எவ்வளவு தூரம் என்ற மூன்றையும் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அவரை நம்பி ஏறுகிறவர்களுக்கும் வீடு இருக்கிறது.